எண்ணெய் கிடைத்த கிணறு ஏன் காசு தரவில்லை?

கேள்வி: பணி ஓய்வின்போது வந்த தொகையில் 75,000 டாலர் கொடுத்து ஒரு எண்ணெய்க் கிணற்றில் இரண்டரை சதவீதப் பங்கு வாங்கினேன். துளையிட்டு முடித்ததும், "எண்ணெய் கிடைத்துவிட்டது, முதல் நாளே 180 பீப்பாய்" என்று கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. இதுவரை கைக்கு வந்தது 35,000 டாலர் சொச்சம். போன மாதக் காசோலை வெறும் 51 டாலர். இப்போது நாளுக்கு 11 பீப்பாய்தான் வருகிறதாம், கட்டுப்படியாகவில்லையாம். மேலே இன்னொரு பாறை அடுக்கு இருக்கிறது, அதைத் திறந்தால் 35 பீப்பாய் வரும், மொத்தச் செலவு 2.4 லட்சம், உங்கள் பங்கு 6,000 டாலர், 30 நாளில் சம்மதம் தெரிவியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் இருக்கிற கிணறு எப்படி நஷ்டமாகும்? என்னை ஏமாற்றிவிட்டார்களா? இந்த 6,000-ஐக் கொடுப்பதா, தலைமுழுகுவதா? ஒப்பந்தத்தின் முக்கியப் பக்கங்களையும் கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாள்களையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கே முதலில் நன்றி. இப்படி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் காசோலைத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு நியாயம் கேட்பார்கள். கணக்குத் தாள் இல்லாமல் ஒரு கிணற்றைப் பற்றிப் பேசுவது, நாடி பிடிக்காமல் மருந்து சொல்வது போல.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கெடு இருப்பது மூன்றாவதற்குத்தான். ஆனாலும் முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன். எண்ணெய் இருந்தும் நஷ்டமாவது எப்படி என்பது பிடிபட்டால், 6,000 டாலர் விஷயத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆய்வுக் கிணற்றில் இரவுப் பணி. துளையிடும் கோபுரமான ரிக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கேபின். துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைச் சல்லடையில் பிடித்து, கழுவி, தட்டில் பரப்பி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்போம். எண்ணெய் ஒட்டிய துகள் மஞ்சளாக ஒளிரும். அதன்மேல் ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டால் எண்ணெய் பால் போலப் பிரிந்து ஓடும். அன்று அதிகாலை மூன்று மணிக்குத் தட்டு முழுக்கப் பொன் நிறம். சமையல்காரர் உட்பட முகாமே எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பத்து நாள் கழித்துச் சோதனைக்காகத் திறந்துவிட்டோம். தொட்டியில் விழுந்தது உப்புத் தண்ணீர். அதன்மேல் விரலால் தொட்டால் ஒட்டுகிற அளவுக்கு ஒரு எண்ணெய்ப் படலம். அவ்வளவுதான்.

விளக்கு பொய் சொல்லவில்லை. பாறையில் எண்ணெய் இருந்தது, ஆனால் நகர மறுத்தது. எண்ணெய் பூமிக்கடியில் குளம் போலத் தேங்கிக் கிடப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது செங்கல்லுக்குள் ஊறிய ஈரம் போலப் பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. பாறையில் எவ்வளவு துளை, அந்தத் துளையில் எவ்வளவு பங்கு எண்ணெய், எவ்வளவு பங்கு தண்ணீர், துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்ற மூன்றும் சேர்ந்து வாய்த்தால்தான் எண்ணெய் கிணற்றை நோக்கி ஓடிவரும். அப்படி வாய்த்தாலும் பாறையில் உள்ளதெல்லாம் மேலே வராது. பாதிக்கும் மேல் அடியிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். அலாஸ்காவுக்கு வடமேற்கே சுக்சி கடலில் ஷெல் நிறுவனம் 2015-ல் பர்கர் ஜே என்ற கிணற்றைச் சுமார் 6,800 அடி ஆழம் தோண்டியது. எண்ணெய், எரிவாயு இரண்டின் தடயமும் இருந்தது. ஆனால் மேற்கொண்டு தோண்டுமளவுக்கு இல்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள். அந்தக் கடற்பகுதித் திட்டத்துக்காக அவர்கள் அதுவரை செலவழித்தது சுமார் 700 கோடி டாலர். அதற்கும் முன்னால், 1983-ல், அலாஸ்காவின் போஃபோர்ட் கடலில் செயற்கைத் தீவு கட்டித் தோண்டிய மக்லக் கிணறு எங்கள் தொழிலில் இன்றும் சொல்லிச் சொல்லி மாயும் கதை. குத்தகையையும் சேர்த்தால் 150 கோடி டாலருக்கு மேல் போன இடம். கிடைத்தது உப்புத் தண்ணீர். பாறையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஒரு காலத்தில் எண்ணெய் நிறைந்திருந்து, பிறகு கசிந்து வெளியேறிவிட்டது. சரியான இடத்தில்தான் தோண்டினோம், மூன்று கோடி ஆண்டு தாமதமாக வந்துவிட்டோம் என்ற பொருளில் அப்போது அதைத் தோண்டிய நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர் சொன்னது ரொம்பப் பிரபலம்.

உங்கள் கிணறு அந்த வகையில்லை. எண்ணெய் வந்தது, இப்போதும் வருகிறது. சரி, அப்படியானால் எங்கே இடிக்கிறது?

முதலில் அந்த 180 பீப்பாய். கடிதத்தின் அடிக்குறிப்பைப் படித்தீர்களா? "எண்ணெய்ச் சமான பீப்பாய்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எண்ணெய் 130 பீப்பாய், கூடவே 3 லட்சம் கன அடி எரிவாயு. எரியும்போது தரும் வெப்பத்தை வைத்து 6,000 கன அடி எரிவாயுவை ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சமம் என்று கொள்வது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கில் எரிவாயு 50 பீப்பாய். கூட்டினால் 180. கணக்கில் தப்பில்லை. ஆனால் சந்தை வெப்பத்தைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. எரிவாயு ஆயிரம் கன அடி 3 டாலர் என்றால் அந்தச் சமான பீப்பாய்க்குக் கிடைப்பது 18 டாலர். உண்மையான எண்ணெய்ப் பீப்பாய்க்கு உங்கள் தாளில் உள்ள விலை 66. அந்த 18-உம்கூட குழாய் இருந்தால்தான். உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் எரிவாயுக் குழாய் இல்லை. இரண்டரை ஆண்டு வரவில் எரிவாயு என்ற வரியே காணோம். ஆக அந்த 50 பீப்பாயும் காகிதத்தில்தான் இருந்தது.

எரிவாயுவுக்கு இந்தத் தலைவிதி புதிதில்லை. எண்ணெயை லாரியில் ஏற்றி எங்கேயும் கொண்டுபோகலாம். எரிவாயுவைக் குழாய் இல்லாமல் நகர்த்துவது பெரும்பாடு. மேற்கு டெக்சஸில் வாஹா என்ற சந்தைப் புள்ளியில் 2019-லும் 2024-லும் குழாயில் இடமில்லாமல் எரிவாயு விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. விற்கிறவர்களே காசு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். எண்ணெய்க்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் வாயிதா ஒப்பந்தம் (பின்னொரு தேதியில் எண்ணெய் கைமாற முன்கூட்டியே பேசும் விலை) ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பாறையில் ஒன்றும் மாறவில்லை. முந்தின வாரம் தந்த அதே எண்ணெயைத்தான் கிணறுகள் தந்துகொண்டிருந்தன.

இரண்டாவது, முதல் நாள் அளவு என்பதே ஒரு மயக்கம். புதுக் கிணற்றைத் திறந்ததும் அழுத்தம் முழுதாக இருக்கும். முதல் 24 மணி நேரம் என்னத்தையாவது பெரிதாகக் காட்டும். நான் அதைப் பார்ப்பதேயில்லை. முதல் 30 நாள் சராசரியைக் கேட்பேன், முடிந்தால் 90 நாள் சராசரியை. உங்கள் கிணற்றின் முதல் மாதச் சராசரி 95 பீப்பாய் எண்ணெய். ஓராண்டு முடிவில் 38. இப்போது 11. மொத்தம் இதுவரை 32,000 பீப்பாய். முதலாண்டில் அறுபது சதவீதம் சரிவு என்பது கேட்கப் பயங்கரமாக இருந்தாலும், இறுக்கமான பாறையில் தோண்டிய கிணறுகளுக்கு அது சாதாரணம். கிணற்றுக்கு அருகே உள்ள எண்ணெய் சீக்கிரம் வந்துவிடும். தூரத்தில் உள்ளது ஊர்ந்து ஊர்ந்து வரும். ஜே.ஜே. ஆர்ப்ஸ் என்பவர் 1945-லேயே இந்தச் சரிவுக்கு எழுதிவைத்த சமன்பாடுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அவற்றில் ஒரு எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வளைகோட்டின் வால் முப்பது ஆண்டுக்கு நீண்டுவிடும். பங்கு விற்கிறவர்களின் பளபளப்பான அட்டவணைகளில் லாபம் பெரும்பாலும் அந்த வாலில்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது கணக்குத் தாளுக்கு வருவோம். போன மாதம் கிணறு தந்தது 330 பீப்பாய். 66 டாலர் வீதம் 21,780. இதில் நிலத்தடி உரிமையாளரின் ராயல்டி எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். அதற்கு மேல், திட்டத்தை உருவாக்கியவர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்ட மேல்ராயல்டி 7.5 சதவீதம். இந்த இருபதும் செலவில் ஒரு பைசாகூட ஏற்காத பங்கு. மேலாகவே எடுத்துவிட்டார்கள். மீதி 80 சதவீதம், 17,424 டாலர். உற்பத்தி வரி போக 16,550 சொச்சம். இதுதான் உங்களைப் போன்ற செலவேற்கும் பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து. கவனித்தீர்களா, செலவில் உங்கள் பங்கு இரண்டரை சதவீதம், வரவில் இரண்டே சதவீதம். பங்கு வாங்குகிறபோது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

செலவுப் பக்கம். மின்சாரம் 1,900. ரசாயனமும் சில்லறைப் பழுதும் 2,450. மேற்பார்வை, அலுவலகச் செலவு 2,800. அப்புறம் தண்ணீரை அகற்ற 7,350. கிணறு நாளுக்கு 11 பீப்பாய் எண்ணெயோடு 140 பீப்பாய் உப்புத் தண்ணீரையும் கக்குகிறது. அதை மண்ணில் விட முடியாது, ஆற்றிலும் விட முடியாது. லாரியில் ஏற்றி, வேறொரு ஆழ்கிணற்றில் திரும்பச் செலுத்த வேண்டும். பீப்பாய்க்கு 1.75 டாலர். உண்மையைச் சொன்னால் உங்களுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு தண்ணீர்க் கிணறு, அதில் உபரியாகக் கொஞ்சம் எண்ணெய் வருகிறது. வயதான எண்ணெய் வயல்கள் பலவும் இப்படித்தான் போகும்.

ஆக மொத்தச் செலவு 14,500. மிச்சம் 2,050. அதில் இரண்டரை சதவீதம், 51 டாலர். காசோலை சரியாகத்தான் வந்திருக்கிறது.

இந்தத் தாளிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒரு பீப்பாய் விற்றால் ராயல்டியும் வரியும் போகக் கையில் நிற்பது ஏறக்குறைய 50 டாலர். 14,500 செலவை ஈடுகட்ட மாதம் 290 பீப்பாய், நாளுக்கு ஒன்பதரைக்கு மேல் வேண்டும். நீங்கள் 11-ல் நிற்கிறீர்கள். எண்ணெய் விலை 58-க்கு இறங்கினால் அந்த 51 டாலரும் நின்றுவிடும், அதற்குக் கீழே போனால் உங்களுக்கு பில் வரும். ஓட்டுகிற செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகிற இந்த இடத்தைத்தான் பொருளாதார எல்லை என்கிறோம். கிணற்றின் ஆயுளை எண்ணெய் தீர்வது முடிவு செய்வதில்லை, இந்த எல்லைதான் முடிவு செய்கிறது.

நஷ்டம் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நஷ்டம் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கிணற்றின் மொத்தச் செலவு மதிப்பீடு 22.5 லட்சம் டாலர். அதில் இரண்டரை சதவீதம் 56,250. நீங்கள் கொடுத்தது 75,000. எல்லோரிடமும் இதே விகிதத்தில் வாங்கியிருந்தால், முக்கால் பங்கை விற்ற பணத்திலேயே கிணறு முழுதும் முடிந்திருக்கும். கால் பங்கு விற்றவர்களிடமே நிற்கும், கைக்காசு போடாமல். இது சட்டவிரோதம் இல்லை. செலவில் மூன்றில் ஒன்றைக் கொடுத்துப் பங்கில் நான்கில் ஒன்றை வாங்குவது என்று இந்தத் தொழிலில் பல தலைமுறையாக நடக்கும் பேரம். இடம் கண்டுபிடித்தவனுக்கு, குத்தகை வாங்கி வைத்தவனுக்கு அது கூலி. நான் சொல்ல வருவது வேறு. நாற்பதாயிரம் டாலர் உங்களுக்குப் போன இதே கிணற்றில், அவர்களுக்குக் கால் பங்கு வழியாகவும் மேல்ராயல்டி வழியாகவும் என் கணக்குப்படி ஐந்து லட்சம் டாலர் போல வந்திருக்கும். தவிர, அந்த மேற்பார்வைச் செலவு மாதா மாதம் ஆபரேட்டருக்கு, அதாவது கிணற்றை நடத்துகிறவருக்குப் போகும் தொகை. கிணறு ஓடும்வரை அது ஓடும். கிணற்றை மூடலாமா, தொடரலாமா என்று அவர்களிடம் ஆலோசனை கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வேறு.

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு இந்தத் தாள்களில் எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆசை காட்டியிருக்கிறார்கள், அடிக்குறிப்பை அடிக்குறிப்பாகவே வைத்திருக்கிறார்கள். உண்மையான ஏமாற்று எப்படி இருக்கும் என்றால், 1930-ல் கிழக்கு டெக்சஸில் டாட் ஜாய்னர் செய்தது போல இருக்கும். முதல் இரண்டு கிணறும் பாதியில் கைவிடப்பட்டன. காசு திரட்ட ஒரே பங்கைப் பலபேருக்கு விற்றுக்கொண்டே போனார். கிணறு வறண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றாவதாகத் தோண்டிய 'டெய்சி பிராட்ஃபோர்ட் 3' என்ற கிணறு அக்டோபரில் பீறிட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று அது. அவ்வளவுதான், பங்கு வாங்கியவர்கள் எல்லோரும் வழக்கோடு வந்து நின்றார்கள். ஜாய்னர் தன் உரிமைகளை எச்.எல். ஹண்ட்டுக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்த வயலில் எல்லோரும் போட்டி போட்டுத் தோண்டியதில் மறுவருடமே எண்ணெய் விலை பீப்பாய் 15 சென்ட்டுக்கும் கீழே விழுந்துவிட்டது.

உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. கிணறுவாரியான மாத உற்பத்தியைப் பல இடங்களில் அரசின் ஒழுங்குமுறை அமைப்பே வெளியிடுகிறது. உங்களுக்கு அனுப்பும் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டு இயக்க ஒப்பந்தங்களில் பொதுவாகக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை பங்குதாரருக்கு உண்டு. கணக்குக்குரிய ஆண்டு முடிந்து 24 மாதத்துக்குள் என்று உங்கள் ஒப்பந்தத்தின் இணைப்பிலும் இருக்கிறது. அதாவது முதலாண்டுக் கணக்கைக் கேட்க உங்களுக்கு நாள் குறைவு. தோண்டுவதற்கான மதிப்பீடு 22.5 லட்சம் சரி, உண்மையில் ஆன செலவு எவ்வளவு? அதை முதலில் கேளுங்கள்.

இனி அந்த 6,000.

இதில் ஒரு விஷயத்தை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும், அது கொடுத்த 75,000. போனது போனதுதான். "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஆறாயிரத்துக்குப் பார்க்கணுமா" என்ற நினைப்பு வரும், எனக்கும் வரும். "இனி ஒரு பைசா கிடையாது" என்ற கோபமும் வரும். இரண்டிலும் பேசுவது அந்தப் பழைய பணம். மொத்தத்தில் நஷ்டமான கிணற்றிலும் இன்னொரு செலவு லாபமாக இருக்கலாம். ஆழம் தொட்டு, லாக் எடுத்து (கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையின் தன்மையை அளந்து) முடிந்த கட்டத்தில் நாங்கள் இதை அடிக்கடி பார்ப்போம். தோண்டிய செலவு இனித் திரும்பாது என்று தெரிந்தே, கேஸிங் என்ற எஃகுக் குழாயை இறக்கி உற்பத்திக்குக் கொண்டுவரும் செலவையாவது எடுக்கலாம் என்று முடிவெடுத்துத் தொடர்வோம். அது புத்திசாலித்தனமான முடிவாகவும் இருக்கும்.

ஆக, இந்த 2.4 லட்சம் தன்னளவில் தேறுமா என்பதே கேள்வி. அவர்கள் சொன்ன 35 பீப்பாய் வந்தால், இப்போதைவிட 24 கூடுதல். மாதம் 720 பீப்பாய், கையில் 36,000. சரிவே இல்லையென்றால் ஏழு மாதத்தில் எடுத்துவிடலாம். சரிவு இருக்கும். கீழடுக்கு சரிந்த அதே வேகத்தில் மேலடுக்கும் சரிந்தால் முதலாண்டில் கூடுதலாக வருவது 2.5 லட்சம் போல. செலவு அப்போதுதான் திரும்பியிருக்கும். மூன்று ஆண்டைச் சேர்த்துப் பார்த்தால் 4.3 லட்சம் போல. மோசமில்லை. ஆனால் கூடுதல் எட்டே பீப்பாயாக இருந்தால் மூன்றாண்டிலும் ஒன்றரை லட்சம்கூட வராது, முதலுக்கே மோசம். நான் போட்டுப் பார்த்ததில் குறைந்தது 13 பீப்பாய் கூடுதலாக வர வேண்டும். இன்னொரு விதமாகச் சொன்னால், இது போன்ற வேலை பத்துத் தடவை செய்தால் ஆறு தடவையாவது அவர்கள் சொன்னபடி வர வேண்டும், மீதி நாலு தடவை ஒன்றுமே வராது என்று வைத்துக்கொண்டால். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கடிதத்தில் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை.

ஆதாரம் இருக்க முடியாது என்று இல்லை. கிணற்றில் லாக் எடுத்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. 1927-ல் பிரான்ஸின் பெஷெல்ப்ரோனில் ஷ்லம்பர்ஜெ சகோதரர்களின் குழு முதன்முதலாகக் கிணற்றுக்குள் மின்தடையை அளந்தது. அதிலிருந்து எங்கள் தொழிலே அந்த அளவீட்டை நம்பித்தான் ஓடுகிறது. மேலடுக்கின் லாக் நகலைக் கேளுங்கள். மின்தடை அங்கே உயர்ந்து நிற்கிறதா, பாறையில் துளை அளவு எவ்வளவு என்று வெளியிலிருந்து ஒரு பொறியாளர் அரை மணியில் சொல்லிவிடுவார். பக்கத்துக் கிணறுகளில் அதே அடுக்கு என்ன தந்தது என்று கேளுங்கள், இது லாக்கைவிட முக்கியம். கேஸிங்குக்கு வெளியே உள்ள சிமென்ட் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று சோதித்தார்களா? பிடிக்காவிட்டால் கீழே உள்ள தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஏறி மேலடுக்குக்கும் வந்துவிடும், புதிதாகப் போட்ட துளையும் தண்ணீரைத்தான் கக்கும். கீழடுக்கை அடைத்துவிட்டு மேலே திறக்கிறார்களா, இரண்டையும் சேர்த்து ஓட்டப் போகிறார்களா? அடைப்பதாக இருந்தால், புதிய அடுக்கு தண்ணீர் இல்லாமல் வரும் பட்சத்தில் அகற்றும் செலவு 7,350-உம் மிச்சம். அது மட்டுமே நாளுக்கு ஐந்து பீப்பாய் எண்ணெய் கூடியதற்குச் சமம்.

"அவ்வளவு நல்ல அடுக்கு என்றால் முதலிலேயே ஏன் திறக்கவில்லை" என்று உங்களுக்குத் தோன்றும். அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காகக் காலி செய்துகொண்டு வருவதுதான் வழக்கமான முறை.

இன்றைக்குக் கையில் இருக்கும் காகிதத்தை மட்டும் வைத்து என்னைக் கேட்டால், நான் கொடுக்க மாட்டேன். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். ஒப்பந்தப்படி, சம்மதிக்காதவர் பங்கின் வரவை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு அவர்கள் போட்ட 6,000-க்கு மூன்று மடங்கு, 18,000 டாலர் எடுத்த பிறகுதான் பங்கு திரும்ப உங்களுக்கு. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் விட்டுக்கொடுப்பது இன்றைய நிலையில் மாதம் 51 டாலர். விலை கொஞ்சம் சறுக்கினால் அதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்வது உங்களுக்கு மலிவாகத்தான் முடிகிறது. லாக்கும் பக்கத்துக் கிணற்று விவரமும் வந்து, அவை நன்றாக இருந்தால் பேச்சு வேறு. அப்போதும் கடன் வாங்கியோ, மருத்துவத்துக்கென்று வைத்திருக்கும் காசிலிருந்தோ கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தலைமுழுக முடியாது. கிணற்றை மூடும் செலவு. உற்பத்தி அடுக்குக்கு எதிரே ஒரு சிமென்ட் அடைப்பு, நிலத்தடி நல்ல தண்ணீர் அடுக்குக்கு எதிரே ஒன்று, மேலே ஒன்று, பிறகு கேஸிங்கைத் தரைக்குக் கீழே வெட்டி மூடி போட்டு, இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். இதில் உங்கள் இரண்டரை சதவீதம் உங்கள் தலையில்தான், 6,000 கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். இந்தக் கடமையைத் தட்டிக் கழித்துவிட்டுக் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் அப்படி அநாதையாக விடப்பட்ட கிணறுகளை மூட 2021-ல் நிறைவேறிய சட்டத்தில் அரசே 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. மூடுவதற்கென்று ஆபரேட்டர் பிணைத்தொகை கட்டியிருக்கிறாரா, எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் சேர்ந்தது பொறுப்பு வரம்புள்ள கூட்டா, வரம்பில்லாததா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கசிவோ விபத்தோ நேர்ந்தால் அந்த ஒரு சொல்தான் உங்கள் வீட்டைக் காப்பாற்றும். நஷ்டத்தை வருமான வரியில் காட்ட முடியுமா என்று கணக்காளரைக் கேளுங்கள். பல இடங்களில் முடியும்.

30 நாள் கெடுவில் உங்கள் கடிதம் வந்து சேரவே ஒன்பது நாள் போய்விட்டது. பதில் வராவிட்டால் சம்மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வோம் என்கிறது ஒப்பந்தம். ஆனாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். மேலடுக்கின் லாக், பக்கத்துக் கிணறுகளின் உற்பத்தி, சிமென்ட் சோதனை, முதல் செலவின் உண்மைக் கணக்கு, பிணைத்தொகை விவரம், இந்த ஐந்தையும் கேட்டு நாளையே பதிவுத் தபாலில் எழுதுங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. கெடுவுக்குள் அவை வராவிட்டால், "கேட்ட விவரம் தராததால் சம்மதிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதி, தேதியிட்டு அனுப்பிவிடுங்கள். வந்தால், லாக்கில் மேலடுக்கு இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.